இரண்டு காலும் ஒரே கை

பெங்களூர், 3.6.2002

அன்புள்ள பெர்சிஸுக்கு,

கர்த்தர் உன்னையும் அக்சாவையும் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். வாட்ச்மேன் வேலை நடக்கிறது, உட்காரத்தான் ஸ்டூல் இல்லை. உங்கள் மகளிர் குழுவுக்கு பேங்க் லோன் வந்துவிட்டதாம். தம்பி ஜேக்கப் போனில் சொன்னான், நீ சொல்லவில்லை. உன் பங்கை அனுப்பு. ஆட்டோவுக்கு முன்பணம் கட்டி, ஓட்டிக்கொண்டே ஊருக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த தோல் டேனரி மூடியபிறகு வெறுங்கையோடு வந்து நிற்க வெட்கமாக இருக்கிறது.

உன் நத்தானியேல்

ஆம்பூர், 11.6.2002

அக்சா அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், ஒழுங்காகத் தடவுங்கள்.

பணம் இல்லை. போன தடவை என் பேரில் வாங்கிய லோனில் நீங்கள் பழைய மொபெட் வாங்கினீர்கள். தவணையைக் குழுப் பெண்கள் கட்டினார்கள். இந்தத் தடவை எல்லோருமாக ஷூ கம்பெனிக்கு டெபாசிட் கட்டி, கையால் தைக்கிற வேலையை ஏஜென்ட் இல்லாமல் நேராக எடுத்திருக்கிறோம். ஜோடிக்கு மூன்று ரூபாய் வந்த இடத்தில் ஐந்து வருகிறது. அக்சாவின் ஸ்கூல் பீஸை யாரிடமும் கேட்காமல் கட்டினேன்.

முதல் லாட் திரும்பி வந்துவிட்டது, சிரிக்காதீர்கள். சீக்கிரம் முடியட்டும் என்று இடது கால் எல்லாம் நான், வலது கால் எல்லாம் பக்கத்து வீட்டு ஷஹீன் பானு என்று பிரித்துக்கொண்டோம். என் கை நூலை இறுக்கி இழுக்கும், அவள் கை லூசு. சூப்பர்வைசர் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, "இன்னாம்மா இது, ஒரு காலு அக்கா, ஒரு காலு தங்கச்சியா?" என்றார். அத்தனையும் பிரித்து மறுபடி தைத்தோம். இப்போது ஒரு ஜோடிக்கு ஒரே கை என்பது குழுவின் சட்டம்.

பெர்சிஸ்

பெங்களூர், 20.6.2002

பெர்சிஸுக்கு,

நாலு காசு பார்த்ததும் பேச்சு மாறிவிட்டது. சரி, ஆட்டோ வேண்டாம், நானே வருகிறேன். நீ தை. கம்பெனிக்குப் போவது, பணம் வாங்குவது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆம்பளை போய் நின்றால்தான் மதிப்பார்கள். அதுவும் முடியாது என்றால் அந்த வீட்டில் எனக்கு என்ன இடம்? எழுது.

நத்தானியேல்

ஆம்பூர், 27.6.2002

அக்சா அப்பாவுக்கு,

படித்து அழுதேன், கோபமும் வந்தது. நீங்கள் இல்லாத வீடு வீடாகவே இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் கம்பெனியில் பணம் வாங்குவது குழு சொல்கிற இரண்டு பெண்கள்தான். அதில் உங்களுக்கு இடமில்லை.

தைக்கிற வேலையில் உங்களுக்கு இடம் இருக்கிறது. வேலை ஜாஸ்தி, கை கம்மி. குழுவில் கேட்டுவிட்டேன், உங்களுக்கு ஊசியும் நூலும் எடுத்து வைத்திருக்கிறேன். பொம்பளை வேலை என்று தெரு நாலு நாள் சிரிக்கும், பிறகு ஓயும். உங்களுக்கும் ஜோடிக்கு ஐந்துதான். பாதியில் நிறுத்திவிட்டு மீதியை என்னிடம் தள்ளக் கூடாது.

பெர்சிஸ்

பெங்களூர், 4.7.2002

பெர்சிஸுக்கு,

சனிக்கிழமை வண்டியில் வருகிறேன். அக்சாவை ஸ்டேஷனுக்கு அனுப்பு.

இடது காலில் ஆரம்பிக்க வேண்டுமா, வலதிலா?

நத்தானியேல்