நிசாந்தை யார் பழக்கினது?

லிங்கநகர்,
திருகோணமலை.

மகன் இராகுலனுக்கு,

நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். சிங்கப்பூரில் நீயும் மருமகளும் நோய் நொடியில்லாமல் இருக்கக் கோணேசரைக் கும்பிடுகிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி என் கோபத்தைக் கேள்.

சல்லிக் கிராமத்துக் கதிராமன் அண்ணையின் மகன் நிசாந் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். உங்கள் கப்பல் திருத்தும் கம்பனி அவனைக் கப்பலின் எண்ணெய்த் தாங்கிக்குள் இரும்பு வெட்ட இறக்கியது, உள்ளே நின்ற எண்ணெய் ஆவி தீப்பற்றி முகமும் இரண்டு கையும் வெந்துபோயின. முறையாகப் பயிற்சி கொடுத்த பொடியன், அவனுடைய கவலையீனம்தான் என்கிறார் இங்குள்ள மனேஜர். அப்படிச் சொல்லச் சொன்னது சிங்கப்பூர்த் தலைமைக் கந்தோரில் பயிற்சிக்குப் பொறுப்பான நீயாம்.

போன வருசம் சல்லி அம்மன் கோயில் முன்றலில் நின்று என்ன சொன்னாய்? "நானும் இந்த ஊர்ப் பொடியன்தான், உங்கட பிள்ளையளுக்கு ஆறு மாதம் வேலை பழக்கித்தான் உள்ள எடுப்பம், வள்ளம் இழுக்கிற கரையை மட்டும் தாங்கோ" என்றாய். என்னையும் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு திரிந்தாய். நம் முகத்துக்காகத்தான் கரையைக் கம்பனிக்கு விட்டார்கள். அந்த ஆறு மாதம் ஒரே காலையில் முடிந்தது, இங்கிலிசில் ஒரு படம், ஆளுக்கொரு தொப்பி, ஒரு போட்டோ. அந்தப் போட்டோவைக் காட்டி, ஊரோடு ஒட்டிய கம்பனி என்று பரிசும் வாங்கினீர்கள், வெட்கமில்லாமல்.

வெள்ளிக்கிழமை கம்பனி ஆண்டுவிழாவில் என்னை முன் கதிரையில் இருத்தி, ஊர் சார்பில் விளக்கேற்றச் சொன்னார்கள். நான் மைக்கை வாங்கி, "நான் இராகுலன்ட அம்மா, நிசாந்துக்கு ஒருத்தரும் ஒண்டும் பழக்கேல்லை, என்ட மகன் சொல்லுறது பொய்" என்றேன். மைக்கை நிப்பாட்டினார்கள், நான் நிப்பாட்டவில்லை. நிசாந்தின் தாய் குணமணி, நெருப்புப் பட்ட நாளிலிருந்து என் முகத்தில் முழிக்காதவள், எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் போன் எடுத்து, "அம்மா, என்ட வேலை போயிடும், தெரியாமல் கதைச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றாய். ஏலாது மகன். நிசாந் எப்படி இருக்கிறான் என்று உன் வாயில் ஒரு சொல் வரவில்லை. அடுத்த மாதம் அரசாங்கத் தொழில் கந்தோர் விசாரணையில் குணமணியோடு போய் அதையேதான் சொல்லுவேன். பெற்ற பிள்ளைக்கு எதிராகவா என்று அப்பா என்னோடு கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும்.

உன் மூச்சிளைப்பு மருந்தை விடாமல் எடு. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், அதற்குமேல் வாழ்த்த இப்போது மனமில்லை. ஊருக்கு வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. "உனக்குப் பழக்கினோம்" என்று நிசாந்தின் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்ல வாய் வராவிட்டால் விசாரணைக்கு வா, எங்கள் பக்கத்தில் வந்து நில்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா,
கமலேஸ்வரி