முகத்துக்கு எவ்வளவு, மணிக்கு எவ்வளவு

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம். நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தொலைபேசியில் நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும், அதுவும் வரிசை போட்டுக்கொண்டால்தான். ஆகவே முதலில் வரிசை.

1. வீட்டு நிலவரம்.
2. முகத்துக்கு இவ்வளவு என்று கேட்பதா, மணிக்கு இவ்வளவு என்று கேட்பதா.
3. என் கணக்குப்படி நீ கேட்க வேண்டிய தொகை.
4. இங்கே உன்னைப் போலவே குழந்தைகள் முகத்தில் வரையும் அம்மாள் சொன்னவை.
5. உன்னைக் கூப்பிட்டிருக்கும் நிறுவனம் ஒப்புக்கொள்ளாவிட்டால் நீ இங்கே திரும்பி வருவது.

முதலில் வீடு. சொல்லும்படி ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்கு உறைக்கவில்லை. கீழ்வீட்டு ஆசிரியைதான் தன் சுவரில் ஈரம் பார்த்துவிட்டுப் பழுது பார்ப்பவரை அழைத்து வந்தார். அவர் என்னிடம், "எத்தனை நாளா சார் இப்படிச் சொட்டுது, தூக்கம் வந்துதா உங்களுக்கு" என்றார். சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அதை நிறுத்தலாம் என்று தோன்றவில்லை என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குழாயின் ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டுப் போனார். இப்போது சொட்டுவதில்லை. மருத்துவரிடம் போனேன், இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கிறதாம். "உங்க வயசுக்கு இது பெரிய விஷயம்" என்று அவர் கைகுலுக்கினார், நானும் குலுக்கினேன். உன் அம்மா போனதிலிருந்து இப்படித்தான், நல்லதும் கெட்டதும் ஒரே எடையில் வருகின்றன. வருத்தமாக இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி. இதைப் படித்துவிட்டு நீ கவலைப்பட வேண்டாம், நிலவரம் என்று தலைப்புப் போட்டதால் எழுதினேன். உன் அத்தை வாரம் தவறாமல் கூப்பிட்டுத் திட்டுகிறாள். போன வாரம் உன்னைப் பற்றி. "ஏண்டா, அவ படிச்ச படிப்பு என்ன, இப்ப ஊர்ப் பிள்ளைங்க மூஞ்சிக்கெல்லாம் சாயம் பூசறாளாமே, நீ கேக்க மாட்டியா" என்றாள். அவள் இருந்த அலுவலகம் ஆட்களைக் குறைத்துவிட்டது அக்கா, இது அவளாகக் கற்றுக்கொண்ட வேலை, குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்களாம் என்றேன். பிறகு, "ஒரு மூஞ்சிக்கு எவ்வளவு வாங்குறா? என் மூஞ்சி கொஞ்சம் பெரிய இடமாச்சே, கூடக் கேப்பாளோ" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். ஆக, அத்தைக்குக் கோபம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்.

இரண்டாவது. நீ கேட்டதை நான் புரிந்துகொண்ட அளவில் திருப்பிச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்து. அந்த நிறுவனம் தன் ஊழியர்களின் குடும்ப நாளுக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறது, மூன்று மணி நேரம், சுமார் முப்பத்தைந்து குழந்தைகள். வெள்ளிக்கிழமைக்குள் உன் கட்டணத்தைச் சொல்ல வேண்டும். பிடித்துப்போனால் அவர்களுடைய மற்றக் கிளைகளுக்கும் வருடம் முழுக்க உன்னையே கூப்பிடுவார்கள். அது கிடைத்தால் நீ அந்த அறையை விடாமல் அங்கேயே இருந்துவிடலாம், கிடைக்காவிட்டால் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான். இப்போது நீ வாங்குவது மணிக்கு ஐம்பது, உன் ஊர்க் காசில். யார் உனக்கு அந்த ஐம்பதைச் சொன்னது என்று கேட்டேன், கேட்டவர்கள் முகம் சுளிக்காத தொகை அதுதான் அப்பா என்றாய். அது என்னிடமிருந்து உனக்கு வந்த குணம். நானும் பெட்டி ஆலையில் செலவுக் கணக்குப் பார்த்த காலமெல்லாம் என் சம்பளத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. இருக்கட்டும். நிறுவனம் மொத்தமாகப் பணம் கொடுக்கும் இடத்தில் முகத்துக்கு இவ்வளவு என்று பேசாதே. முகத்துக்கு என்றால் உன் கை தானாக ஓடும். எங்கள் ஆலையில் ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வைத்த வருடம் பெட்டிகள் மலை மலையாக வந்தன, பாதிக்கு மூடி மூடவில்லை. மணிக்கு என்றால் நிதானமாக வரைவாய். ஆனால் மணிக்கு என்று சொல்லும்போது ஒரு மணியில் எத்தனை முகம் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு, இல்லையென்றால் கடைசியில் நிற்கும் குழந்தையின் தாய் உன்னைத்தான் பிடிப்பாள். கன்னத்தில் சின்னப் படம் என்றால் பன்னிரண்டு, முகம் முழுக்கப் புலி என்றால் ஐந்தோ ஆறோ என்று நீ சொன்ன நினைவு. பெற்றோர் தங்கள் கையால் கொடுக்கும் சந்தை, கண்காட்சி போன்ற இடங்களுக்கு மட்டும் முகக் கணக்கு. இந்த இரண்டாவதில் எனக்கு ஓரளவு தெளிவு இருக்கிறது.

மூன்றாவது, தொகை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் போட்டேன். ஊரில் மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துப் போடுவது ஒரு முறை, ஆனால் அதை அங்கே இருப்பவர்தான் செய்ய முடியும். நான் செலவிலிருந்து ஏறி வந்தேன். உன் அறை வாடகை, சாப்பாடு, தொலைபேசி, நோய் வந்தால் எடுக்க ஒரு சிறு தொகை எல்லாம் சேர்த்து மாதத்துக்கு ஆயிரத்து எண்ணூறு. அதை மாதத்து நிகழ்ச்சிகளால் வகுக்க வேண்டும். இரண்டு நிகழ்ச்சி என்று வைத்தேன். தொள்ளாயிரம் வருகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வண்ணம், தூரிகை, போக வர வண்டிச் செலவு, பிறகு ஒரு குழந்தைக்குப் பயன்படுத்திய பஞ்சை இன்னொரு குழந்தைக்குத் தொடமாட்டேன் என்று நீ சொன்னாயே, அந்தப் பஞ்சுகள், எல்லாம் அறுபது. மொத்தம் தொள்ளாயிரத்து அறுபது. மூன்றால் வகுத்தால் மணிக்கு முந்நூற்றிருபது. பார்த்தால் நீ இப்போது கேட்பதைப் போல ஆறு மடங்குக்கும் மேலே இருக்கிறது, எனக்கே எழுதும்போது கை தயங்கியது, ஆனால் கூட்டலையும் வகுத்தலையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். கணக்கில் பிசகு இல்லை. இதையே சொல். குறைக்கச் சொன்னால் குறைக்காதே. செலவுக்குக் கீழே விற்பவன் விற்காமலே இருக்கலாம்.

நான்காவது. கணக்குப் போட்டும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை, வழக்கம்போல. சனிக்கிழமை பெரிய கடைத்தெருவில் ஒரு மரச்சாமான் கடை திறப்பு, வாசலில் ஓர் அம்மாள் குழந்தைகளுக்கு முகம் வரைகிறார் என்று ஆசிரியை சொன்னதால் கணக்குப் போட்ட தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பட்டாம்பூச்சி அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். கூட்டத்தில் நுழைந்து எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, வரிசையில் நின்றுவிட்டேன். முன்னால் நின்ற பெண்குழந்தை திரும்பிப் பார்த்து, "தாத்தா, நீங்க என்ன ஆகப் போறீங்க" என்றாள். இன்னும் தெரியலை என்றேன். "சீக்கிரம் யோசிங்க, கிட்ட போயிட்டு யோசிச்சா அந்த ஆன்ட்டி திட்டுவாங்க" என்றாள். என் முறை வந்ததும் அந்த அம்மாள் தலை நிமிராமலே, "உக்காருங்க, என்ன வேணும்" என்றார். வந்த காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்துப் பலகையில் மாதிரிக்கு ஒட்டியிருந்த படங்களில் சீக்கிரம் முடியக்கூடியது பூனை என்று பட்டது, பூனை என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. தாடையைப் பிடித்துத் திருப்பி வரைய ஆரம்பித்தார். அந்த நிலையில் நான் உன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், "பேசாதீங்க ஐயா, மீசை கோணிடும்" என்று அதட்டினார். தூரிகை குளிர்ச்சியாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது. பின்னால் அவர் தேநீர் குடிக்க எழுந்தபோது கூடவே போய் விஷயத்தைச் சொன்னேன். "உங்க பொண்ணு இந்த ஊர்ல இல்லையே? அப்ப சொல்றேன்" என்றார். அவர் சொன்னவை எல்லாம் உனக்கு உதவும். இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து யார் கூப்பிட்டாலும் இரண்டு மணி நேரக் கட்டணம். பாதிப் பணம் முன்பணம், அது கைக்கு வராமல் தேதியை எழுதிக்கொள்ளக் கூடாது. விருந்து தாமதமாகத் தொடங்கினாலும் உன் கடிகாரம் சொன்ன நேரத்துக்கே ஓடத் தொடங்கிவிடும், இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடிய அரை மணி இருக்கும்போது வரிசையின் கடைசிக் குழந்தை கையில் ஒரு நாடாவைக் கட்டிவிட வேண்டும், அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் அந்தக் குழந்தையே சொல்லிக்கொள்ளும், நீ கெட்ட பேர் வாங்க வேண்டாம். சளியோ தோலில் சொறியோ இருந்தால் கையில் வரைந்து அனுப்பு, முகத்தைத் தொடாதே. சும்மா ஒரு பூதானே, போட்டுவிடேன் என்று சொல்லும் பெரியவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "சும்மா ஒரு சோபாதானே, வீட்டுக்குக் கொண்டு போகட்டான்னு கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு வாங்கம்பேன்" என்றார். இதெல்லாம் ஆனபிறகுதான், நீ இப்போது வாங்கும் ஐம்பதையும் எழுதி வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். படித்துவிட்டு, "ஐயா, இது ரேட்டா, இல்ல கூப்பிட வர்றவங்களைத் தொரத்துற வழியா" என்றார். செலவைக் கணக்குப் போட்டால் இதுதான் வருகிறது என்றேன். "கணக்கு நல்லாத்தான் இருக்கு. உங்க பொண்ணுதான் பாவம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அது உறைக்கவில்லை. அவர் வீட்டில் கணவர் சம்பளம் வருகிறது, தனியாக வாடகை கொடுக்கும் பெண்ணின் செலவு அவருக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே பேருந்தில் திரும்பினேன். முகத்தில் இருந்ததை மறந்துபோனேன். நடத்துநர் சில்லறையைக் கொடுத்துவிட்டு, "எலி எங்கேயாவது இருந்தா சொல்றேன் சார்" என்றார், வீட்டுக்கு வந்து கை கழுவும்போது கண்ணாடியைப் பார்த்துத்தான் புரிந்தது.

ஐந்தாவது, நீ திரும்பி வருவது. அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் மனம் உடையாதே. மாடி அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன். அலமாரியில் உன் அம்மாவின் துணிகளை அத்தை வந்து பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள், மூன்று தட்டுகள் காலி. கட்டிலை வெளிச்சம் விழும் பக்கம் நகர்த்திவிட்டேன், நீ வண்ணம் கலக்க ஜன்னலோரம் ஒரு மேசை போடலாம், அளந்து பார்த்தேன், இடம் சரியாக இருக்கிறது. இந்த ஊரிலும் குழந்தைகள் இருக்கிறார்கள், பிறந்தநாள் வருகிறது, கடை திறக்கிறார்கள். வாடகை கிடையாது, சாப்பாட்டுக்குத் தனிச் செலவு கிடையாது, எனக்கு வைப்பதில் இன்னொரு கை அரிசி. மாதத்துக்கு இரண்டே நிகழ்ச்சியை நம்பி ஓர் ஊரில் தனியாக அறை பிடித்திருப்பது புத்தியான காரியம் இல்லை என்று எழுத வந்தேன். இரண்டு என்று எழுதி முடிப்பதற்குள் பேனாவை வைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு நீ தொலைபேசியில், "அப்பா, இந்த மாசம் ஆறு இருக்கு, சனி ஞாயிறு மூச்சு விட நேரமில்ல, ஆனா கையில ஒண்ணும் நிக்கல" என்றாய். ஆறு. தெளிவாகத்தான் சொன்னாய். எனக்கும் தெளிவாகத்தான் கேட்டது. ஆலையில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது, கூட்டலை அப்புறம் பாருங்கள், எதால் வகுத்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள் என்பதுதான். மூன்று முறை சரிபார்த்தபோதும் நான் அதை மட்டும் பார்க்கவில்லை. ஆறு இருக்கும் இடத்தில் ஏன் இரண்டு போட்டேன் என்பது எனக்குத் தெரியும், மாடி அறையைப் பற்றி இவ்வளவு எழுதியதைப் படித்தால் உனக்கும் தெரியும். அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

சரியான கணக்கு இது. ஆயிரத்து எண்ணூற்றை ஆறால் வகுத்தால் முந்நூறு. செலவு அறுபது. மூன்று மணி நேரத்துக்கு முந்நூற்று அறுபது, மணிக்கு நூற்றிருபது. இது உனக்கும் அவர்களுக்கும் கட்டுப்படியாகும் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமையே சொல்லிவிடு, வெள்ளி வரை வைத்துக்கொள்ளாதே. சொல்லும்போது தொகையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இரு, நம் வீட்டு வழக்கப்படி உடனே "கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று நீயே சேர்த்துவிடாதே. ஆசிரியை இந்தத் தாள்களைப் படம் எடுத்து உன் கைபேசிக்கு இன்றே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்து கதவைத் தட்டுவதற்குள் புதிதாக எழுத எனக்கு நேரம் போதாது, இப்படியே அனுப்புகிறேன். எடுத்த காரியம் கைகூடி, உன் கையால் வரைந்த முகங்களோடு எல்லாக் குழந்தைகளும் சந்தோஷமாக வீட்டுக்குப் போக, நீயும் நிறைவாக உன் அறைக்குப் போக ஆசீர்வதிக்கிறேன். கண்ணுக்கு ஓய்வு கொடு.

வரிசையில் மூன்றாவது தவறு. அதை அடித்துவிட்டு மேலே சொன்ன நூற்றிருபதை எழுதிக்கொள். மற்றவை சரிதான், ஐந்தாவதற்கு வேலை வராது.

இப்படிக்கு,
உன் அப்பா