முதலாம் வகுப்புக்கு நான் சொல்லிக்கொடுத்த ஆட்டம்

ரிங்லெட்
12.5.1984, சனி இரவு

பவளம் அக்கா, இந்த இரண்டாவது தாளை யாருக்கும் காட்டாதே. டீச்சர் பயிற்சிக் கல்லூரியில் உன் அறையில் கூடப் படுக்கும் தோழிக்கும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. முதல் தாள் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது, இது நானாக எழுதுவது. ஆனாலும் இரண்டு வருடமாக அம்மாவின் கடிதத்தையே எழுதிப் பழகிவிட்டதால் எனக்கும் அவளைப் போலத்தான் ஆரம்பிக்க வருகிறது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன்னையும் அங்கே மாரியம்மா அப்படியே வைத்திருக்க வேண்டும். உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை, அக்கா. மற்றதைச் சொல்லத்தான் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா இன்று முழுக்க மழையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கடிதம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். எனக்கும் நேற்றிலிருந்து கண் எரிகிறது, தூக்கம்தான் வரவில்லை.

அம்மா முதல் தாளில் சீதா டீச்சரைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்திருப்பாய். புத்தியில்லாத டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மாரடிக்கச் சொல்லிக்கொடுத்து, காளியண்ணன் கங்காணியை ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டாள் என்று. அதை என் கையாலேயே எழுதினேன். அக்கா, அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது சீதா டீச்சர் இல்லை, நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். முதலாம் வகுப்புக்குப் புதுப் பாடத்திட்டத்தில் உடற்கல்வி நேரத்தில் எளிய நடனம் சொல்லித்தர வேண்டுமாம். சீதா டீச்சர் தற்காலிக டீச்சர், இப்போது வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. அவரால் குனிய முடியாது, குதிக்க முடியாது. நீ மார்ச் மாதம் எழுதிய கடிதத்தை நான் அவரிடம் பெருமையாகக் காட்டியிருந்தேன். சின்னப் பிள்ளைகளை வட்டமாக நிறுத்த வேண்டும், நாலு அடிக்கு மேல் வைக்கக் கூடாது, பாட்டு இல்லாவிட்டால் எண்ணினால் போதும் என்று எழுதியிருந்தாயே, அதுதான். உடனே டீச்சர், செல்லம், நீதான் ஆறாம் வகுப்புல பெரிய பொண்ணு, புதன்கிழமை காலையில முன்னால நின்னு செஞ்சு காட்டு, நான் டின் தட்றேன் என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. நானும் உன்னைப் போல டீச்சர் ஆகிவிட்டதாக நினைத்தேன்.

பிள்ளைகள் பதினான்கு பேர். வட்டமாக நில் என்றால் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். இடது எது வலது எது என்று தெரியாது. சாக்கு நூலை எல்லோருக்கும் இடது கையில் கட்டிவிட்டு, நூல் கட்டின பக்கமாகப் போ என்றேன். அதற்குப் பிறகு ஒரு பிள்ளை கூட மாறிப்போகவில்லை. ஆனால் என்ன அடி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எங்கே நடனம் பார்த்தேன்? அப்போது எனக்கு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அத்தை செத்தபோது எனக்கு ஆறு வயது. நீங்களெல்லாம் என்னை உள்ளே போகச் சொன்னீர்கள், நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் மற்றப் பெண்களும் வட்டமாக நின்று இரண்டு அடி உள்ளே வந்து குனிந்து நெஞ்சில் அடித்து, இரண்டு அடி பின்னால் போய், ஒரு அடி இடது பக்கம் நகர்ந்தார்கள். யாரும் எண்ணவில்லை, ஆனால் ஒரு கால் கூடத் தப்பவில்லை. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்றாக அசைந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அக்கா, அது எனக்கு அழகாக இருந்தது. இதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை.

நெஞ்சில் அடிப்பதை எடுத்துவிட்டுக் கை தட்ட வைத்தேன். அதுவே போதும் என்று நினைத்தேன். ஆனால் காலைப் பனியில் விறைத்த கையைத் தட்டினால் எப்படி வலிக்கும் என்று உனக்குத் தெரியும். சின்னக்கருப்பன் என்று ஒரு வாலு இருக்கிறான், அவன்தான் கம்பளிச் சட்டைக்கு மேல் நெஞ்சில் தொம் தொம் என்று அடித்தான். வலிக்கவில்லை, நல்ல சத்தம் வேறு. எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு அப்படியே அடித்தார்கள். டீச்சரும் சிரித்தார். டவுனில் வளர்ந்தவர், அவருக்கு என்ன தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் நான். எனக்கும் அந்த நேரத்தில் சந்தோஷம்தான் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு பிள்ளைகள் கங்காணி வீட்டு வாசலில் போய் ஆடியிருக்கிறார்கள். இந்த லைன் வீடுகளில் சிமெண்டுத் தரை அங்கே மட்டும்தானே இருக்கிறது. கங்காணி மூன்று வாரமாக நெஞ்சுச் சளியோடு படுத்திருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, யாருடி செத்துட்டா என்று தன் மனைவி தங்கம்மா பெரியம்மாவைக் கேட்டாராம். ஒருத்தரும் சாவலையே என்று பெரியம்மா சொல்ல, அப்ப எனக்குத்தான் என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு கஞ்சி குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிய மூச்சு வாங்கி, கொழுந்து லோரியில் வைத்துத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரியம்மா லைன் நடுவில் நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. உசுரோட இருக்கற மனுசனுக்கு மாரடிக்க எந்தச் சிறுக்கிடீ சொல்லிக் குடுத்தா, எடப்பக்கமா சுத்துறது எழவு வூட்டுலதான்னு தெரியாதா என்று. பிள்ளைகள் பயந்துபோய்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது என்றார்கள். பெரிய வாத்தியாரும் சீதா டீச்சரும் வந்தார்கள். டீச்சர் கூட்டத்தில் என்னைப் பார்த்தார், பேசாதே என்பது போலத் தலையை ஆட்டினார். பிறகு, நான்தாங்க சொல்லிக் குடுத்தேன், மன்னிச்சிருங்க என்றார். வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு எழவாட்டம் சொல்லிக் குடுக்குறா பாருலா என்று யாரோ சொன்னார்கள். நானோ, அக்கா, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாளைக்குக் கோவிலில் கூட்டம். டீச்சரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கப் போகிறார்களாம். தற்காலிக டீச்சர்தானே, ஒரு வார்த்தை போதும். நான் எழுந்து சொன்னால் அப்பா என்ன ஆவார்? இருபது வருடமாகக் கங்காணியின் கீழ் வேலை. போன வருடம் கூரை பறந்தபோது துரையிடம் பேசி நமக்குப் புதுத் தகரம் வாங்கிக்கொடுத்தது அவர்தான். உம் மவதான் அவருக்கு மாரடிச்சா என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கேட்டால் அப்பா எங்கே முகத்தை வைத்துக்கொள்வார்? அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பிள்ளைகள் ஆடிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, இது ஒங்க அத்தைக்கு நாங்க அடிச்ச அடியாச்சே, இந்த லைன் அடி டவுன் டீச்சருக்கு எப்படித் தெரியும் என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். எனக்குத் தெரியாதும்மா என்றேன். சரி, கடுதாசி எழுதுவோம், பேனாவை எடு என்றாள். அவ்வளவுதான்.

உன்னிடம் என்ன செய்வது என்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் இது உனக்கு வந்து சேர நாலு நாள் ஆகும், கூட்டம் நாளைக்கு. அதனால் இப்போதே முதல் தாளை எடுத்து சீதா டீச்சர் என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு என் பெயரை எழுதிவிட்டேன். அந்தத் தாளில் மை கொட்டியது போல இருப்பது அதுதான். நாளைக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன். முதலில் அம்மாவிடம், பிறகு கோவிலில். கங்காணி பிழைத்து வந்தாலும் வராவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத்தலையோடு வகுப்புக்குப் போகாதே. மாரியம்மா உனக்குத் துணை. அம்மா அனுப்பும் பாவாடைத் துணியை இவ்விடம் வரும்போது தைத்துக் கொண்டு வா.

உன் தங்கை
க. செல்லம்

அக்கா, கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். கீழே முதல் வீட்டில் கதவு தட்டுகிறார்கள். டார்ச் வெளிச்சம் தெரிகிறது. இப்போது இரண்டாவது வீடு. இந்நேரத்தில் வீடு வீடாகத் தட்டிக்கொண்டு வருவது ஒரு சேதிக்குத்தான். மூன்றாவது வீட்டில் பெண் குரல் அழுகிறது. அம்மா விழித்துக்கொண்டாள். என் கையில் உள்ள பேனாவைப் பார்க்கிறாள். நம் கதவைத்தான் தட்டுகிறார்கள். அம்மாவைப் போகவிடாமல் நானே திறக்கப் போகிறேன், அதற்கு முன்னால் அவளிடம் ஒன்று