கவலைச் செதில்

பிப்ரவரி 5, 1985, செவ்வாய். காட்டூர், அக்கா வீடு.

கடும் பனி. எதிர் வயல் வெகுநேரம் தெரியவில்லை. வரும் திங்கள் அக்கா மகள் மங்கைக்குக் கல்யாணம். ஒரு வாரம் லீவு.

ஒரு வேலை மட்டும் பாக்கி. எங்கள் பத்திரிகையின் பெண்கள் பகுதிக்கு எழுதிக் கொடுத்த பட்டியல்: உயிர்களை வதைக்காத அழகுப் பொருள்கள், எவற்றை வாங்கலாம். சோப்பில் மாட்டுக் கொழுப்பு என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து வாசகிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். துறைமுகமும் கோர்ட்டும் எழுதிக் கிழவனானவனிடம் ஏன் இது என்றேன். நீங்கள்தான் விசாரித்து எழுதுவீர்கள் என்றார் ஆசிரியர். வெள்ளிக்கிழமை போனில் உறுதி சொல்ல வேண்டும். ஞாயிறு அச்சில்.

தேறியவை, தேறாதவை:
சோப்பு: தேங்காயெண்ணெய் சோப்பு இரண்டு. மற்றவை கொழுப்பு, அல்லது பதிலே இல்லை.
முகப் பவுடர்: கல் பொடி. சரி.
லிப்ஸ்டிக்: சிலவற்றில் சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து எடுப்பது. வேண்டாம்.
புனுகு: பூனையைக் கூண்டில் அடைத்துச் சுரண்டுவது. அக்காவின் பூஜை அலமாரியில் ஒரு டப்பா. சொல்லவில்லை.
நெயில் பாலிஷ் (இனி நெ.பா.): ஒன்றே ஒன்று. பட்டணத்துச் சின்ன கம்பெனி. முத்துப் போல மினுங்கும். மினுக்கம் கல் பொடி என்று முதலாளி போனில் சொன்னார்.

மங்கைக்கு அந்த நெ.பா. வேண்டும். இது முட்டை போட்ட பிஸ்கட்கூட நுழையாத வீடு. "தம்பி பாத்து சைவம்னு சொன்னா வெச்சிக்கோ" என்று அக்கா முடித்துவிட்டாள். தாய்மாமன் சீர்த் தட்டில் நானே வைக்கிறேன் என்றேன். மங்கைக்கு ரோஸ் நிறம்தான் வேண்டுமாம்.

கல்யாணப் பட்டுப் புடவையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்.

6, புதன்.

பனி குறைவு. பஸ்ஸில் பழவேற்காடு. காதர் பாய் ஃபேன்சி ஸ்டோர். சோப்பு 2, பவுடர் 1, நெ.பா. ரோஸ் 1. நெ.பா. அட்டையில் "தாவரப் பொருள்களால் ஆனது".

தொழில் பழக்கம். இதில் உயிர்ப்பொருள் ஒன்றும் இல்லையே பாய் என்று கேட்டுவைத்தேன்.

"இன்னா சார், மினுக்கமே நம்ம ஊரு சரக்கு. தோணிரேவுல மீன் செதில் எடுத்து அந்தக் கம்பெனிக்கு நான்தான் ஏத்துறேன். இங்கேர்ந்து கேன்ல போவுது, பாட்டில்ல திரும்பி வருது."

பெருமையாகத்தான் சொன்னார். நான் எந்தப் பத்திரிகை, என்ன எழுதுகிறேன் என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. டீ வரவழைத்தார். பிறகு மெதுவாக:

"எழுதுங்க, உங்க வேல. ஆனா மீனுனு வெளிய வந்துச்சினா மறுநாளே அவன் கல்லுக்கு மாறிடுவான். எனக்கு வளையல் கடை இருக்கு. செதில் எடுக்குற பொம்பளைங்களுக்கு இன்னா இருக்கு?"

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பையிலேயே வீட்டுக்கு வந்தது.

7, வியாழன். தோணிரேவு.

வெயில். ஏரியிலிருந்து அடித்த காற்றில் வழியெல்லாம் கண்ணில் மணல். ஓலைப் பந்தலுக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள். அலுமினியத் தட்டில் செதில் அலசி, உப்புத் தண்ணீர்க் கேனில் போடுகிறார்கள். எல்லம்மா என்பவள்தான் எல்லாரையும் நடத்துகிறாள். முப்பத்தைந்து இருக்கும்.

என்ன மீன் என்று கேட்டேன். "கவலைதான் சார்" என்றாள். மீன் பெயர் தெரியாத வீட்டில் வளர்ந்தவன். என்ன கவலை, சொல்லும்மா என்றேன்.

பந்தலே சிரித்தது. "நம்ம கவலய கேக்க பட்டணத்துலேர்ந்து ஆள் வந்துகிதுடீ" என்றாள் ஒருத்தி. கவலை என்பது மீன். கடல் மீன், சிறியது, உடம்பெல்லாம் வெள்ளி.

மற்றக் கவலையும் பிறகு வந்தது. முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிறது. ஏரியில் இறால் இல்லை, மடவை மீன் இல்லை. எல்லம்மாவின் புருஷன் எளாவூர்ப் பக்கம் மூட்டை தூக்கப் போயிருக்கிறான். இந்த மாதம் இங்கே அடுப்பு எரிவது செதிலால். முன்பெல்லாம் அவளுடைய நைனா இதைக் கூட்டி மணலில் தள்ளுவாராம்.

கையை நீட்டிக் காட்டினாள். முழங்கை வரை மினுக்கம். "பாலிஷு போடாமலே எப்டி கீது பாரு சார். பேப்பர்ல எழுது. எங்க பேரையும் போடு."

எழுதினால் என்ன ஆகும் என்று அவளிடம் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன்.

8, வெள்ளி.

தூக்கம் சரியில்லை. செதிலுக்காக ஒரு மீனும் சாகவில்லை. உண்மை. ஆனால் அக்கா கேட்டது சைவமா என்று. வாசகிகள் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

பட்டியலிலிருந்து நெ.பா.வைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாமா? ஆசிரியர் ஏன் என்பார். காரணம் சொன்னால் அதுவே தலைப்பாகும்.

பழவேற்காடு தபாலாபீஸ். டிரங்க் கால். லைனில் இரைச்சல். எல்லாம் விசாரித்தாயிற்றா என்று ஆசிரியர் கத்தினார். ஆயிற்று என்று நானும் கத்தினேன். நெ.பா.வும்தானே என்றார். அதுவும்தான் என்றேன்.

பொய் இல்லை. விசாரித்தாகிவிட்டது.

வெளியே வந்து வெற்றிலை போட்டேன். ருசிக்கவில்லை.

9, சனி.

பந்தல்கால். வாழை மரம் ஒன்று வண்டியிலேயே ஒடிந்துவிட்டது, அதற்கு ஒரு சண்டை. மங்கையைத் தனியாகப் பிடித்து, இந்த நெ.பா. வேண்டாம், மருதாணியே போதும் என்று சொல்லப் போனேன். அவள் நான்கு தோழிகளுக்கு நடுவில் இருந்தாள். சமையல்காரனுக்கு எண்ணெய் வாங்கப் போய்விட்டேன்.

10, ஞாயிறு.

மேகமூட்டம். முதல் பஸ்ஸில் பத்திரிகை. மூன்றாம் பத்தியில் நெ.பா., அடியில் என் பெயர். மங்கை கூடத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். அச்சுப் பிழை ஒன்றும் இல்லை. என் எழுத்தில் பிழை பிடிக்காமல் விடாத மச்சான்கூட நன்றாக இருக்கிறது என்றார்.

சீர்த் தட்டு வைத்தேன். தோழிகள் மங்கையின் பத்து விரலுக்கும் பூசினார்கள். நன்றாக மினுங்கியது. எல்லம்மாவின் முழங்கைதான் கண்ணில் நின்றது.

சாப்பாட்டு நேரம். இலை போட்டாயிற்று. பாட்டிலில் கொஞ்சம் மிச்சம். அக்கா, ஒரு நாளும் இதெல்லாம் தொடாதவள், மகள் முன்னால் உட்கார்ந்து வலது கையை நீட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"வலது கை வேணாம்க்கா" என்றேன்.

"ஏன்டா?"

"சாப்பிடற கை."

"இருந்தா இன்னா? நீதான சைவம்னு எழுதிகிற" என்றாள், விரலை விரித்துக்கொண்டே.