வாய் தெரியாத இடத்தில் சேர்த்த மூன்று வசனங்கள்

அனுப்புநர்
பதிவு எண் 118,
மொழிமாற்றுப் பட வசன எழுத்தாளர்,
அச்சகத்திற்கு எதிர் மாடி வீடு.

பெறுநர்
உயர்திரு தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: சூப்பர் ஹீரோ படம் ஒன்றின் மூன்றாம் பாகத்தில், நம்பும்படியான காரணங்களைச் சேர்த்து வசனம் எழுதியதற்காக என் பதிவு நீக்கப்பட்டது – மன்னிப்புக் கடிதம் தர மறுப்பது – பதிவைத் திரும்பக் கோருவது – தொடர்பாக.

பார்வை: மொழிமாற்றுக் கலைஞர் பதிவுக் குழுவின் ஆணை, நாள்: ஆகஸ்ட் 3.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பத்தொன்பது ஆண்டுகளாக வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதி வருகிறேன். பறப்பவர், சுவர் ஏறுபவர், கோபம் வந்தால் கட்டடம் உயரத்துக்கு வளருபவர் என்று நாற்பத்தொரு நாயகர்கள் என் தமிழில் பேசியிருக்கிறார்கள். இதற்கு முன் என்மீது ஒரு புகாரும் வந்ததில்லை.

2. இத்தொழில் தங்களுக்குப் பழக்கமில்லாதிருக்கலாம். நடிகரின் வாய் திரையில் தெரிந்தால், அவர் உதடு மூடும் இடத்தில் நம் சொல்லிலும் உதடு மூட வேண்டும். 'போ' என்று வர வேண்டிய இடத்தில் 'செல்' என்று எழுதினால், கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொள்வார். நடிகர் முதுகைக் காட்டினாலோ முகமூடி போட்டாலோ இந்தத் தொல்லை இல்லை; எதை எழுதினாலும் பொருந்தும். சூப்பர் ஹீரோ படங்களில் முக்கால்வாசி நேரம் முகமூடிதான்.

3. இந்தப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கும் நான்தான் எழுதினேன், மூலத்தில் இருந்ததை அப்படியே. அதை என் கணவருடன் திரையரங்கில் பார்த்தேன். அவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். அறுந்து விழும் சரக்குப் பெட்டியை நாயகன் ஒற்றை உள்ளங்கையால் நிறுத்தியபோது அரங்கமே கைதட்டியது. என் கணவர் தட்டவில்லை. கிரேனுக்கு மாறுவதற்கு முன் தரையில் வேலை பார்த்தபோது, ஊசலாடிய ஒரு சுமையை நிறுத்தக் கை நீட்டி இரண்டு விரல்களை இழந்தவர் அவர். அந்தக் கையை என் மடியில் வைத்து, "உன் ஆளுக்கு மட்டும் அஞ்சு விரலும் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அரங்கம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களின் காதில் பூச்சுற்ற நானும் ஒரு கை கொடுத்திருக்கிறேன் என்று வீடு வரும் வரை அதே நினைப்பு.

4. ஆகவே மூன்றாம் பாகம் என் கைக்கு வந்தபோது கீழ்க்கண்டவற்றைச் செய்தேன். எதையும் மறுக்கவில்லை.

அ) இரண்டாம் பாகத்தில் எரிமலைக்குள் விழுந்த வில்லன், மூன்றாம் பாகத்தில் சட்டை கசங்காமல் வருகிறான். எப்படித் தப்பினான் என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை; அவனுடைய அம்மாகூடக் கேட்பதில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கும் காட்சியில், "அன்று விழுந்தது என் கவசம் மட்டும். நான் உள்ளே இல்லை" என்று சேர்த்தேன்.

ஆ) நாற்பதாவது மாடியிலிருந்து விழும் பெண்ணை, தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் நாயகன் இரும்புக் கைகளில் ஏந்துகிறான். அந்த வேகத்தில் இரும்புக் கையும் தரையும் அவளுக்கு ஒன்றுதான். முகமூடிக்குள்ளிருந்து, "பயப்படாதே, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கைகள் உள்ளே அமுங்குகின்றன" என்று அவனைச் சொல்ல வைத்தேன்.

இ) நிலவில் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் நாயகன் கத்துகிறான். அடுத்த குன்றில் நிற்கும் வில்லன் திரும்பிப் பார்க்கிறான். "ரேடியோவைப் போட்டுவிட்டேன், இனி கேட்கும்" என்ற ஒரு வரியை முன்னால் வைத்தேன்.

5. ஒலிப்பதிவாளரை இதில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். "அக்கா, தலை திரும்பிடுச்சு, ஆறு செகண்டு இருக்கு" என்று சொன்னதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. அந்த ஆறு செகண்டை நிரப்பியது நான்.

6. நான் பிடிபட்ட விதம் வேடிக்கையானது. தமிழில் பார்த்த ரசிகர் ஒருவர் மூலப்படத்தையும் பார்த்துவிட்டு, தமிழில் புரிகிற கதை மூலத்தில் ஏன் புரியவில்லை என்று தயாரிப்பு நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டுவிட்டார். பாராட்டுக் கடிதத்தால் வேலை போனது எங்கள் தொழிலில் எனக்குத்தான் முதல்முறை.

7. நான்காவதாக, நாயகனின் நண்பன் சொல்லும் நகைச்சுவையை நான் கெடுத்ததாகவும் ஒரு குற்றச்சாட்டு உள்ளது. இதை மட்டும் கடுமையாக மறுக்கிறேன். அது மூலத்திலேயே அப்படித்தான் இருந்தது.

8. ஆகஸ்ட் 9 அன்று பதிவுக் குழு முன் விசாரணைக்கு அழைக்கப்பட்டேன். மேற்கண்டவற்றை நாற்பது நிமிடம் விளக்கினேன். குழுத் தலைவர் பெரியவர். என்மீது பாசம் உள்ளவர். "ஓட்டை இருந்தா இருந்துட்டுப் போகட்டும்மா. அது அவங்க ஓட்டை. உள்ளதை உள்ளபடி கொண்டுவர்றதுதான் நம்ம வேலை" என்றார். அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தமிழில் கேட்பவருக்கும் மூளை உண்டு என்று நினைத்து எழுதியது எப்படிக் குற்றமாகும் என்று கேட்டேன்.

9. நான் நாற்காலியை விட்டு எழுந்ததும், எழுத்தர் இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே பதிவு நீக்க ஆணையும், 'தேவையற்ற காரணங்களைச் சேர்த்தமைக்கு வருந்துகிறேன்' என்று தட்டச்சு செய்த கடிதமும் இருந்தன. அதில் கையெழுத்திட்டால் பதிவு திரும்பக் கிடைக்குமாம். இடாவிட்டால் எந்த ஒலிப்பதிவுக் கூடமும் எனக்கு வேலை தரக்கூடாது. எனக்கு வேறு தொழில் தெரியாது. இருந்தும் கையெழுத்திட மாட்டேன். அந்தக் கடிதத்தைக் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்துவிட்டார். மேசை இப்போது ஆடுவதில்லை.

10. எனவே, எவ்வித மன்னிப்பும் கேட்காமலேயே எனது பதிவு எண் 118ஐத் திரும்ப வழங்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான்காம் பாகம் வரவிருக்கிறது. அதிலும் அந்த நாயகன் எதையாவது தாங்கிப் பிடிப்பான்.

11. கடைசியாக ஒன்று. பதிவுக் குழுவின் ஆணையில், 'மனுதாரர் நேரில் கூறிய விளக்கம் முழுமையாகக் கேட்டுப் பரிசீலிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. ஆணையின் தேதி ஆகஸ்ட் 3. நான் பேசியது ஆகஸ்ட் 9. ஆறு நாள் கழித்துப் பேசப்போவதை முன்கூட்டியே கேட்கும் சக்தி, நான் எழுதிய நாற்பத்தொரு நாயகர்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை. இதற்கு நம்பும்படியான காரணம் ஒன்றை என்னால் ஒரே வரியில் எழுதித் தர முடியும். பழக்கமான கை. ஆனால் குழுத் தலைவர் சொன்னபடி, இது அவர்களுடைய ஓட்டை. உள்ளதை உள்ளபடியே தங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன்.

நாள்: ஆகஸ்ட் 21
இடம்: ஒலிப்பதிவுக் கூடத்திற்கு எதிரிலுள்ள தபால் நிலையம்

இப்படிக்கு, எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்கும்,
(கையொப்பம்)
வசன எழுத்தாளர், பதிவு எண் 118

இணைப்பு: ஆகஸ்ட் 3 தேதியிட்ட ஆணையின் நகல். ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை.