பூனை உறுமும் கை

மார்ச் 4
இன்று நாற்பத்தோராவது ஆள். குலுக்கல் சீட்டு வைத்து ஒட்டிய கவரைப் பிரித்தேன்: அக்குள். டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கும்போது, கையை மரத்துப்போகச் செய்யும் ஊசியைத் தோளுக்கு மேலே போடலாம், அக்குளிலும் போடலாம். எது சிறந்தது என்பதுதான் என் ஆராய்ச்சி. கவர் சொல்கிற இடத்தில்தான் போட வேண்டும், என் இஷ்டம் கிடையாது. எத்தனை மணி நேரம் மரத்திருந்தது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதிகம் என்றால் நல்லது என்று நானே வகுத்தேன்.

மார்ச் 9
காலையில் அக்கா போனில், "பூனை செத்துப்போச்சுடி" என்றாள். தைத்த இடத்தில் ரத்தம் ஓடும்போது தோலுக்கடியில் உர்ரென்று அதிரும். அதற்கு அவள் வைத்த பெயர் பூனை. அவளுக்கும் டயாலிசிஸ்தான், இடது கையில் இது இரண்டாவது. இனி வலது கையில் ஒரே ஒரு சிரை. அதுவும் போனால் கழுத்தில் குழாய்தான், அப்புறம் ஓயாத காய்ச்சல்தான்.

மார்ச் 17
நாளை அக்காவுக்கு. சர்ஜனை நாங்கள் தையல்காரர் என்போம். "உங்க அக்காவுக்கும் கவர் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொந்த அக்காவை ஒரு கவரை நம்பி விட மனசு வரவில்லை. தோளுக்கு மேலேதான். சாயங்காலம்வரை அவளுக்கு வலியே தெரியக் கூடாது.

மார்ச் 18
தோளிலிருந்து விரல் நுனிவரை சுத்தமாக மரத்துவிட்டது. அக்கா இடது கையால் வலது கையைத் தூக்கிப் பார்த்து, "இது யாரு கைடி? இவ்வளவு கனமா இருக்கு, உன்னதா?" என்றாள். தையல்காரருக்கே சிரிப்பு. பதினோரு மணிக்குப் பூனை உறுமியது. வார்டுக்கு வந்ததும், "தூக்கம் வருது. கூடவே இருடி" என்றாள். இருக்கிறேன் என்றேன்.

மார்ச் 19
இருக்கவில்லை. நேற்று ஆராய்ச்சிப் படிவங்களை முடித்துவிட்டு வரலாம் என்று போனேன். பத்து நிமிஷம் என்று நினைத்தது இரண்டு மணி நேரமாகிவிட்டது. அக்கா வலது பக்கம் புரண்டு, கையின் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாள். நர்ஸ்தான் பார்த்தார். தையல்காரர் மறுபடி திறந்து, உறைந்த ரத்தக் கட்டியை எடுத்தார். ரத்தம் ஓடவில்லை.

"அது மேலயா படுத்தேன்? எனக்குத் தெரியவே இல்லையேடி."

அக்குளில் போட்டிருந்தால் தோளில் உணர்ச்சி இருந்திருக்கும். அழுத்துவது தெரிந்திருக்கும், புரண்டிருப்பா. இது எனக்குத் தெரியாதா? தெரியும்! ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறேனே — பக்கத்துல உட்கார ஏன் முடியல எனக்கு?

ஏப்ரல் 2
கழுத்தில் குழாய். "நான்தான் எருமை மாதிரி தூங்கினேன், நீ என்னடி பண்ணுவ?" என்கிறாள். திட்டித் தொலைத்திருக்கலாம்.

மே 21
மூன்றாவது முறை காய்ச்சல். ரத்தத்தில் கிருமி. என்னை அடையாளம் தெரிகிறது, பேச்சு இல்லை.

மே 26
அக்கா போய்ட்டா.

ஜூலை 8
ஆராய்ச்சிக்கு எடுத்த அறுபது பேரும் முடிந்தார்கள். தையல் நிலைத்ததில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. தலைமை டாக்டர், "மேல போட்டா ரெண்டு மணி நேரம் கூடுதலா மரத்திருக்கு. அதை நல்லதுன்னு எழுதிடும்மா" என்றார். எழுதவில்லை. வார்டு தாளில் மட்டும் ஒரு புதுக் கட்டம் போட்டேன்: மரத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர். "இதுக்கு ஆளுக்கு எங்க போறது டாக்டர்?" என்றார் நர்ஸ். நியாயமான கேள்வி.

ஜூலை 10
பஸ் டிரைவர் ஒருவர். தோளுக்கு மேலே ஊசி. மனைவி வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் வருவார். ஒரு மணிக்குத் தூங்கினார். இரண்டு முறை அந்தப் பக்கம் புரளப் பார்த்தார், பிடித்துத் திருப்பினேன். ஐந்தே முக்காலுக்கு விரல் அசைந்தது. "இவ்வளவு நேரம் இங்கயேவா இருந்தீங்க?" என்றார். தைத்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். உறுமிக்கொண்டிருந்தது.

கட்டத்தில் எழுதினேன்: நான்.