வெறும் தண்ணீரில் நின்றவை

சேவூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறியது அந்த வாடைதான். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் பட்டுநூல் வேகும் வாடை. நேற்று மத்தியானம், மண்டையைப் பிளக்கிற வெயிலில், உங்கள் சாயப்பட்டறையைப் பார்த்து நடந்தேன். நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம். அதற்குள் மூன்று முறை ஆரணி வந்திருக்கிறேன். மூன்று முறையும் எங்கள் வீட்டோடு சரி, பக்கத்திலேயே இருக்கிற சேவூருக்குக் கால் வரவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். வேலை எப்போதும்தான் இருக்கிறது. அலுத்துவிட்டது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

சென்னையில் அந்த ஆய்வகத்தில் நாம் இரண்டு பேர்தான் ஆரணிக்காரர்கள். இரண்டு பேருக்கும் ஆராய்ச்சி ஈஸ்ட்டில். ஒரு செல் தன் சுவரை எப்படிக் கட்டுகிறது, எப்போது தளர்த்துகிறது, எப்போது இறுக்குகிறது என்பதுதான் கேள்வி. எனக்குக் கணக்கும் கருவியும், உனக்குக் கைவேலை. முதல் மாசமே நீ கேட்டாய்: "இவ்ளோண்டு செல்லு, மொட்டு விடணும்னா சுவர்ல ஒரு எடத்தத் தளத்தணும். ஜாஸ்தி தளத்தினா வெடிச்சிடும், தளத்தலன்னா மொட்டே வராது. எவ்ளோன்னு அதுக்கு யாருடா சொன்னது?" அது தெரிந்தால் நாம் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்றேன். நான் பதில் சொன்ன லட்சணம் அப்படித்தான். நீ சிரித்தாய், எனக்கு வெட்டுக்கத்தி என்று பேர் வைத்தாய்.

உன் வேலை சுவரை உரிப்பது. நத்தையின் குடலிலிருந்து எடுத்த நொதியைப் போட்டால் ஈஸ்ட்டின் சர்க்கரைச் சுவர் கரையும். கொஞ்ச நேரம் போதாவிட்டால் உரியாது, கொஞ்சம் கூடினால் உள்ளே இருப்பதும் கெடும். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நீ குழாயை வெளிச்சத்தில் சாய்த்து, கலங்கல் எப்படி ஓடுகிறது என்று பார்த்தே நிறுத்துவாய். பட்டுநூலைப் பசை எடுக்கும்போது நூலை விரலில் நெருடிப் பார்த்து அண்டாவிலிருந்து தூக்குகிற கை அது. எனக்கு அது எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் உன் எண்கள் என் எண்களைவிட நன்றாக வந்தன.

உரித்த செல்லுக்கு வெறும் தண்ணீர் எமன். சுவர் இல்லாததால் தண்ணீர் உள்ளே பாய்ந்து வெடித்துவிடும். அதனால் சர்க்கரை மாதிரியான சார்பிட்டாலைக் கெட்டியாகக் கரைத்து அதிலேயே வைத்திருக்க வேண்டும். ஜெலட்டின் கலந்து சில மணி நேரம் விட்டால் அது மறுபடி சுவர் கட்டத் தொடங்கும். கட்டுவதை நீ காட்டியாக வேண்டும். அந்த மாசக் கடைசியில் வேலையை மதிப்பிடும் குழு வரும், காட்டினால் உனக்கு இன்னும் இரண்டு வருஷம் உதவித்தொகை. "இல்லன்னா எங்கப்பாகூட அண்டா கெளறத்தான் போவணும்" என்று நீ விளையாட்டாகச் சொன்னாய். விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியும். நொதி ஒரே குப்பி. அடுத்தது வெளிநாட்டிலிருந்து வர எத்தனை மாசம் ஆகுமோ.

குழு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அன்றைக்கு நீ உரித்ததெல்லாம் பிரமாதம். ஜெலட்டினில் விட்டதும் சரி. வெளியே எடுத்து, வெதுவெதுப்பாக்கி இளக்கினாய். விரலில் பிசுபிசுப்பு பட்டதும் உன் கை தானாகக் காய்ச்சி வடித்த தண்ணீர்ப் பாட்டிலுக்குப் போனது. பசை போனால் நல்ல தண்ணீரில் மூன்று அலசு, அதுதானே உங்கள் பட்டறை வழக்கம். மூன்றாவது அலசில் நான் திரும்பிப் பார்த்தேன். உன் முகம் வெளுத்திருந்தது. கை முந்திக்கொண்டது என்று உனக்கே புரிந்துவிட்டது.

இருந்தும் நீ ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாய். எனக்கு அவசரம், பஸ் பிடிக்க வேண்டும்.

"சிலது நிக்குதுடா. வந்து பாரு."

"உரியாத செல்லு. வேற என்னா நிக்கும்? கொட்டு."

"இல்லடா, உருண்டையா கீது. உரியாததுன்னா முட்ட மாரி நீட்டா இருக்கும். இது உரிஞ்சதுதான். ஒரு தபா பாத்துட்டுப் போயேன்."

பார்க்கவில்லை. பேஜார் பண்ணாதே என்று சொல்லி, குழாயை வாங்கித் தொட்டியில் நானே கொட்டினேன்.

மறுநாள் பேராசிரியர் என்னைக் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்: வெறும் தண்ணீரில் கழுவிவிட்டான் சார், அடிப்படையே தெரியவில்லை. நீ கதவருகே நின்றிருந்தாய். பார்த்துவிட்டும் நான் குரலைத் தாழ்த்தவில்லை. மாசக் கடைசியில் நீ ஆரணிக்கு மூட்டை கட்டினாய்.

நாலு மாசம் கழித்து என் வேலை சிக்கிக்கொண்டது. எந்தச் செல் சுவர் கட்டிவிட்டது, எது கட்டவில்லை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒருநாள் அலுத்துப்போய், மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் எடுத்து வெறும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். கட்டாதது வெடித்தது. கட்டியது நின்றது. நேரம் ஆக ஆக நிற்பது கூடியது. சின்ன உருண்டைகள். நீ அன்றைக்கு என்னைக் கூப்பிட்டது இதைப் பார்க்கத்தான். என் ஆய்வேடு முழுக்க அந்தத் தண்ணீர்ச் சோதனைமேல்தான் நிற்கிறது.

நீ அப்போது உயிரோடு இருந்தாய். ஒரு கார்டு போட்டிருக்கலாம். அடுத்த வாரம், குழாய்களை முடித்த பிறகு, அத்தியாயத்தை எழுதிய பிறகு என்று தள்ளினேன். பிறகு மஞ்சள் காமாலை என்று சேதி வந்தது. அடுத்த சேதிக்கு எட்டு நாள்கூட ஆகவில்லை.

நேற்று உங்கப்பா அண்டா முன்னால் நின்றுகொண்டிருந்தார். அடையாளம் கண்டு, நிழலில் உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் மேல தப்பு இல்லைங்க. அவன் கண்டுபுடிச்சத நான் பாக்காம கொட்டிட்டேன்" என்றேன். அவர் கழியில் தொங்கிய நூலை ஒரு புரட்டுப் புரட்டி, மறுபடி கொதியில் இறக்கினார். பிறகுதான் பேசினார்.

"எனக்கு அடிப்படையே தெரியலப்பா, அதான் அனுப்சிட்டாங்கன்னு சொல்லிகினே இருந்தான். கடைசி வரிக்கும் அதான். அவன் இருக்கறப்ப வந்து சொல்லிருக்கலாமே தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை.

ஆய்வேட்டில் உன் பெயரைப் போட்டாகிவிட்டது. முறை யாருடையது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறேன். பேராசிரியர் கேட்டார், அவரிடமும் சொன்னேன். அதெல்லாம் ஒரு மத்தியான வேலை. ஆனால் நீ என்மேல் கோபமாக இருப்பாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தால் நாலு வார்த்தை திட்டுவாய், வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நான் சொன்னதை நீ நம்பிவிட்டாய் என்பது நேற்றுவரை எனக்குத் தெரியாது.